கௌரவ டாக்டர் பட்டம்: ஓட்டல் மண்டபத்துப் பேக்கேஜும் பல்கலைக்கழகத்து வழியும்

கோலாலம்பூர் ஓட்டல் மண்டபங்களில் நடக்கும் தனியார் 'பட்டமளிப்பு விழா'க்களுக்கான அழைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. கோயில் தலைவர், சங்கச் செயலாளர், தமிழ்ப்பள்ளி வாரியத்தில் இருப்பவர், சின்னதாகத் தொழில் நடத்துபவர் என்று நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் போதும், ஒருநாள் போன் வந்துவிடும். "தலைவரே, உங்க சேவைக்கு டத்தோ வந்தாச்சு. டாக்டர்தான் பாக்கி. இந்த வாரத்துக்குள்ள பேர் குடுத்துட்டா மேடையில முதல் வரிசை." (டத்தோ என்பது மலேசியாவில் ஆட்சியாளர்களும் ஆளுநர்களும் தரும் விருதுப் பட்டம்.)

பணம் வாங்கிக்கொண்டு கௌரவ டாக்டர் பட்டம் தரும் அந்த ஓட்டல் மண்டபப் பேக்கேஜைப் பற்றியது இந்த மதிப்புரை. பக்கத்தில் அசலை வைத்துப் பார்த்தால்தான் அதன் தரம் தெரியும் என்பதால், மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டம் தரும் முறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். விற்பவர்கள் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பெயரும் இணையதளமும் அடிக்கடி மாறும். உள்ளே இருக்கும் சரக்கு அதேதான்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். பேக்கேஜுக்கு 5-க்கு 1. அந்த ஒன்றும் சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும். பல்கலைக்கழகத்து வழிக்கு 5-க்கு 4. ஒன்று குறைந்ததற்குக் காரணம், கோப்பு உள்ளே போன பிறகு மாதக்கணக்கில் ஒரு சத்தமும் வராது, நிராகரித்தால் ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள்.

பேக்கேஜில் என்ன தருகிறார்கள்? சட்டமிட்ட சான்றிதழ், ஒரு நாளுக்கு ஜுபாவும் (பட்டமளிப்பு அங்கி) தொப்பியும், கோப்பை அல்லது பதக்கம், மேடைப் படம், இருவருக்கு விருந்து. இது அடிப்படை. பணம் பல பெயர்களில் கேட்கப்படும்: பதிவுக் கட்டணம், செயலாக்கக் கட்டணம், ஜுபா வாடகை, குடும்பத்துக்கு 10 பேர் உட்காரும் மேசை. இதில் மேசைதான் சூட்சுமம். முன்பணம் கட்டிய பிறகுதான் அந்தப் பேச்சே வரும், அதற்குள் உறவுக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டிருக்கும். கூடக் கொஞ்சம் கொடுத்தால் மதிப்பெண் பட்டியலும் உண்டு. படிக்காமல், தேர்வு எழுதாமல், சேவைக்காகத் தரப்படும் ஒரு பட்டத்துக்கு மதிப்பெண் பட்டியல் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அசல் கௌரவப் பட்டத்துக்கு அப்படி ஒரு தாள் கிடையவே கிடையாது. ஆகவே பேக்கேஜில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

அடுத்தது அங்கீகாரக் காகிதங்கள். ஒரு கோப்பையே காட்டுவார்கள், கனமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தாளும் அநேகமாக உண்மையான தாள்தான். அது சொல்லும் செய்திதான் வேறு. ஐ.எஸ்.ஓ. 9001 ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைக்கும் சான்று, சோப்பு ஆலைக்கும் கிடைக்கும். பட்டம் வழங்கும் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அமெரிக்க வரிவிலக்குக் கடிதம், அந்த அமைப்பு வரி கட்ட வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. அப்போஸ்தில் (வெளிநாட்டில் காட்ட ஆவணத்துக்குத் தரும் அரசுச் சான்று), நோட்டரி முத்திரை இரண்டும் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதற்கு அத்தாட்சி. கையெழுத்துக்கு மேலே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் தருவதில்லை. ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனம் என்பதும் பட்டம் தரும் அதிகாரம் ஆகாது.

நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதைத்தான் இந்த வியாபாரம் பயன்படுத்திக்கொள்கிறது. பிரிட்டனில் அங்கீகாரம் இல்லாத அமைப்பு பட்டம் வழங்குவது 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டப்படி குற்றம்; 'லண்டனில் பதிவுபெற்றது' என்றால் பெரும்பாலும் ஒரு கம்பெனி பதிவு, அவ்வளவுதான். ஃபுளோரிடா மாநிலத்தில் மதக் கல்லூரிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் பட்டத்தின் பெயரிலேயே அதன் மதச் சார்பு தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. அங்கிருந்து 'சமூக சேவையில் டாக்டர்' வருகிறது என்றால் கணக்கு இடிக்கிறது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. நாடாளுமன்றம் அல்லது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம். போலிகளின் பட்டியலையும் அந்தக் குழுவே வெளியிடுகிறது. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கௌரவ டாக்டர் பட்டம் என்ற வழக்கமே இல்லை. இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது விற்றால் போனை வைத்துவிடலாம்.

மலேசியாவில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் 1971-ஆம் ஆண்டின் சட்டம் 30-இன் கீழும், தனியார் உயர்கல்வி நிலையங்கள் 1996-ஆம் ஆண்டின் சட்டம் 555-இன் கீழும் வருகின்றன. படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது மலேசியத் தகுதி முகமை, சுருக்கமாக எம்.கியூ.ஏ. இங்கே விற்பவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இல்லையே?" என்றால், "கௌரவப் பட்டம் எதுவுமே அங்கே இருக்காது, ஐயா" என்பார்கள். சொல்வது சரிதான். அந்தப் பதிவேடு படிப்புகளுக்கானது. கௌரவப் பட்டம் படிப்பல்ல. ஆனால் பட்டம் அங்கே இல்லாவிட்டாலும், பட்டம் தரும் நிலையம் உயர்கல்வி அமைச்சின் பட்டியலிலாவது இருக்க வேண்டுமே! அந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது. டத்தோ போன்ற பட்டங்களை அதிகாரமில்லாதவர்கள் வழங்குவதைத் தடுக்க 2017-இல் சட்டம் 787 வந்தது. மாமன்னர், ஆட்சியாளர்கள், மாநில ஆளுநர்கள் வழங்கும் விருதுகளுக்கான சட்டம் அது. ஓட்டல் டாக்டர் பட்டம் அதன் வரம்புக்குள் வராது என்பதால்தான் டத்தோ விற்பதைவிட டாக்டர் விற்பது எளிதாக இருக்கிறது.

இனி ஜுபா. பேக்கேஜில் அதிகம் விலைபோவதும், உற்றுப் பார்த்தால் அதிகம் உளறுவதும் இதுதான்.

டாக்டர் பட்ட ஜுபாவில் உலகில் பெரிய மரபுகள் இரண்டு. பிரிட்டிஷ் மரபில் விழாவுக்கான டாக்டர் அங்கி பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு, முன்பக்கப் பட்டைகள் பட்டு. தலையில் சதுரத் தொப்பி அல்ல, வெல்வெட்டில் வட்டத் தொப்பி, அதைச் சுற்றி ஒரு கயிறு. அமெரிக்க மரபில் மணி போல விரிந்த கை, ஒவ்வொரு கையிலும் குறுக்காக மூன்று வெல்வெட் பட்டைகள். முதுகில் தொங்கும் துணியின் நீளம் இளங்கலைக்கு 3 அடி, முதுகலைக்கு மூன்றரை, டாக்டருக்கு 4 அடி. அதன் வெல்வெட் ஓரம் டாக்டருக்கு 5 அங்குல அகலம். ஓரத்தின் நிறம் துறையைச் சொல்லும்: தத்துவ டாக்டருக்குக் கருநீலம், சட்டத்துக்கு ஊதா, அறிவியலுக்குப் பொன்மஞ்சள், இலக்கியத்துக்கு வெள்ளை. மலேசியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் நிறத்தையும் சில இடங்களில் சொங்கெட் (மலாய்ச் சரிகை நெசவு) வேலைப்பாட்டையும் சேர்த்துச் சொந்தமாக வடிவமைத்துக்கொண்டிருக்கின்றன.

பேக்கேஜ் ஜுபாவில் வழக்கமாகப் பார்ப்பது: சான்றிதழில் 'லண்டன்', கையில் அமெரிக்கப் பட்டை. அல்லது எட்டுப் பேருக்கு எட்டு விதமான பட்டங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே நிறத் துணி, ஏனென்றால் வாடகைக்குக் கிடைத்தது அதுதான். முதுகுத் துணியை உள்ளே வெளியே மாற்றிப் போட்டிருப்பதும் சகஜம். பட்டு உட்புறம் வெளியே மடிந்து தெரிய வேண்டும் என்று மாட்டிவிடும் ஆளுக்குத் தெரியாது. மேடையில் அது ஒரு கறுப்புத் துண்டாகத் தொங்கும். பாலியெஸ்டர் துணி விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், படத்தில் அது நன்றாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் பார்க்கும் நூறு பேரில் விவரம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பது வேறு விஷயம்.

சான்றிதழில் பார்க்க வேண்டியது மூன்று: பட்டத்தின் முழுப்பெயர், அது வழங்கப்பட்ட பட்டமளிப்பு விழாவின் நாள், யார் கையெழுத்து. அசலில் 'டாக்டர்' என்று மொட்டையாக இருக்காது. இலக்கியம், சட்டம், அறிவியல் என்று பிரிவு இருக்கும், கௌரவம் என்ற சொல்லும் இருக்கும். கையெழுத்து, சட்டப்படி அந்தப் பதவியில் இருப்பவர்களுடையது. பேக்கேஜ் சான்றிதழில் 'நிறுவனர் வேந்தர்' என்ற பதவியைப் பார்க்கலாம். வேந்தரும் அவரே, நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் அவரே, ரசீது எழுதுவதும் அவரே.

மண்டபத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் விவேகானந்தா அரங்கில் ஒரு தனியார் அமைப்பு திரைப் பிரபலங்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை; அரங்கை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து செய்தி பரவிய பிறகுதான் பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுத்தது. மேடையில் பல்கலைக்கழகத்தின் பெயர் பின்னால் இருந்தது, முன்னால் ஓய்வுபெற்ற நீதிபதி இருந்தார், வாங்கியவர்கள் நம்பிவிட்டார்கள். இங்கும் பல்கலைக்கழக மண்டபங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. இடம் யாருடையது என்பது முக்கியமில்லை, அழைப்புக் கடிதத்தில் பதிவாளரின் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பல்கலைக்கழகத்து வழி

பெறுபவர் ஒரு சென் கூடக் கட்ட வேண்டியதில்லை. ஜுபா பல்கலைக்கழகமே கொடுத்து, விழா முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். விண்ணப்பிக்கவும் முடியாது. தன் பெயரைத் தானே முன்மொழிவது செல்லாது. வேறொருவர் முன்மொழிய வேண்டும்.

சட்டம் 30-இன் கீழ் அமைந்த பல்கலைக்கழக அமைப்புவிதி இரண்டு வகையினருக்குக் கௌரவப் பட்டம் தர அதிகாரம் கொடுக்கிறது: அறிவின் வளர்ச்சிக்கோ பரவலுக்கோ பங்களித்தவர்கள், சிறந்த பொதுச்சேவை ஆற்றியவர்கள். முன்மொழிவு எழுத உட்காரும் முன் எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நம் சங்கங்களின் கோப்புகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. ஒருவர் கவிதை எழுதியது, கோயில் கும்பாபிஷேகம் நடத்தியது, கட்சிக் கிளைத் தலைவராக இருந்தது, ரத்ததான முகாம் போட்டது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். படிக்கும் குழுவில் இருப்பவர் பொறியியல் பேராசிரியராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம். 'இவர் எதில் தலைசிறந்தவர்?' என்ற ஒரே கேள்விக்கு முதல் பக்கத்தில் விடை இல்லையென்றால் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்.

கோப்பு போகும் பாதை, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு வித்தியாசங்களோடு, இதுதான்: பதிவாளர் அலுவலகத்தில் படிவம்; அதை ஆராயும் குழு; செனட் (பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை); இயக்குநர் வாரியம்; வேந்தரின் இசைவு; அதன்பின் பெறுபவருக்கு ரகசியக் கடிதம்; அவர் ஏற்றுக்கொண்டதும் பட்டமளிப்பு விழா. ஒவ்வொரு படியிலும் 'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருக்கிறது, பட்டத்தின் மதிப்பே அதில்தான். 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கே கௌரவப் பட்டம் மறுக்கப்பட்டது. கல்வியாளர்கள் வாக்களித்ததில் எதிர்ப்பு 738, ஆதரவு 319. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும். எடின்பரோ பல்கலைக்கழகம் 1984-இல் ராபர்ட் முகாபேக்குக் கொடுத்த பட்டத்தை 2007-இல் ரத்து செய்தது.

சங்கத்தின் கடிதத்தாளில் துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவதால் அதிகம் பயனில்லை. பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே ஒரு முன்மொழிபவர் வேண்டும்: புல முதல்வர், செனட் உறுப்பினர், குறைந்தது ஒரு பேராசிரியர். தமிழ் எழுத்தாளருக்கோ ஆய்வாளருக்கோ முயல்கிறீர்கள் என்றால் கோலாலம்பூரில் ஒரு வசதி இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உண்டு. தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறை. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. தமிழில் மட்டுமே வெளிவந்த நூலைப் படித்து, அதன் இடம் என்ன என்று குழுவுக்கு எழுதிக் கொடுக்கத் தகுதியான ஆள் அங்கே கிடைப்பார். பினாங்கில் 1969-இல் தொடங்கி மிண்டனில் இயங்கும் அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கோப்பு என்றால், நம் ஆள் வடமலேசியாவில் செய்த வேலைக்கு முக்கியத்துவம் கொடுத்து, கல்வி, சமூகவியல், மருத்துவம் என்று அது பொருந்தும் புலத்தின் வழியாகப் போவது நல்லது. தமிழ் என்பதை மட்டும் காரணமாக வைத்துப் போனால் யார் மேசையில் வைப்பது என்று தெரியாமல் அலையும்.

கோப்பின் அளவு பற்றி ஒரு வார்த்தை. படிவத்தோடு இரண்டு பக்கக் காரண உரை, நான்கைந்து பக்கத் தன்விவரம், சான்றுகள் தனி இணைப்பாக. சுருள் கம்பி போட்ட 80 பக்க வண்ண ஆல்பம் யாரையும் மயக்காது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தும் படம் எதிர்மறையாகவே வேலை செய்யும். காரண உரை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 'சமுதாயத்துக்காகத் தன்னையே அர்ப்பணித்த மாமனிதர்' என்ற வகை வரிகள் தமிழ் மேடையில் கைதட்டல் வாங்கும், மலாயில் மொழிபெயர்த்தால் வெறும் காற்று. எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, முன்பு எத்தனை மாணவர், இப்போது எத்தனை, அந்த மாற்றத்தில் இவர் பங்கு என்ன, அதை உறுதிசெய்ய யார் இருக்கிறார்கள் என்று எழுதினால் குழு நிமிர்ந்து உட்காரும். பட்டம் கிடைத்துவிட்டால் இந்த உரைதான் மேடையில் வாசிக்கும் பாராட்டுரைக்கு அடிப்படை. 500 சொல் இருந்தால் வாசிக்க நான்கு நிமிடம் ஆகும். அதற்கு மேல் போனால் வெட்டிவிடுவார்கள். எதை வெட்டுவது என்று அவர்கள் முடிவு செய்வதைவிட நாமே அளவாக எழுதிக் கொடுப்பது மேல்.

சான்றுகளில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அற்பமானவை, ஆனால் கோப்பை நிறுத்திவிடக்கூடியவை. அடையாள அட்டையில் ஒரு பெயர், நூல்களில் புனைபெயர், சங்கப் பதிவில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்று ஒரு சத்தியப் பிரமாணம் இணைக்க வேண்டும். நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். எண்ணும் வெளியான ஆண்டும் வேண்டும். தேசிய நூலகத்தில் பதிவாகியிருந்தால் சரிபார்க்க எளிது, இல்லாவிட்டால் சொந்த அச்சு என்று ஒதுக்கிவிடலாம். நாளிதழ் நறுக்குகளில் பெயரும் தேதியும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டதால் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பிரதி கேட்க வழியில்லை. நூலகங்களில் தேடித்தான் தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தமிழ் நறுக்குக்கும் கீழே இரண்டு வரி மலாய்ச் சுருக்கம் இருக்கட்டும். முழு மொழிபெயர்ப்பு தேவைப்படுவது முக்கியமான இரண்டு மூன்றுக்குத்தான்.

இன்னொன்று, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்விவரத்தில் ஓட்டல் பேக்கேஜ் டாக்டர் பட்டம் இருந்தால் அசல் பட்டம் கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. குழு இணையத்தில் தேடும். ஜுபா போட்ட படம் முதலில் வந்து நிற்கும். ஏற்கெனவே அந்தப் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டு அழைப்பிதழ்கள் அச்சாகியிருந்தால் செனட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் விட மாட்டார். நாற்பது ஆண்டு உழைப்பு உள்ள ஒருவருக்கு ஆசையாய்ப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பேக்கேஜ், அவருக்கு உண்மையிலேயே வரக்கூடியதைத் தடுத்துவிடும். பேக்கேஜுக்கு நாம் வைக்கும் பெரிய குறை, விலையைவிட, இதுதான்.

காலம்: பட்டமளிப்புக்கு ஓராண்டுக்கு முன்பே கோப்பு போய்ச் சேர்வது பாதுகாப்பு. செனட், வாரியம், வேந்தர் அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனி நாட்காட்டி. ஓர் ஆண்டு கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்பலாம். ஆனால் அதே கோப்பை அப்படியே அனுப்பாமல் அந்த இடைவெளியில் நடந்ததைச் சேர்க்க வேண்டும். வயதானவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பல இடங்களில் நேரில் வந்து பெற வேண்டும் என்பது விதி, மறைவுக்குப் பின் தருவது அரிது.

ரகசியம்: கடிதம் வந்ததும் சங்கத்துக்காரர்கள் நாளிதழில் முழுப்பக்க வாழ்த்து போட்டுவிடுவது நம் வழக்கம். பல்கலைக்கழகம் அறிவிக்கும் முன் அது நடந்தால் சங்கடம் பெறுபவருக்குத்தான். வாழ்த்து வடிவமைப்பு தயாராக இருக்கலாம். அச்சுக்குப் போவது விழா முடிந்த பிறகு.

விழா நாளில் அரச மரபு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் பேராக் சுல்தான். அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேந்தர் பெர்லிஸ் ராஜா. மஞ்சள் அரச நிறம், விருந்தினர் அணிவதில்லை. மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமான டேவான் துங்கு சான்சலர் வாசலில் வந்து நின்று சொன்னால் கண்ணீர்தான். மேடையில் மாலை, பொன்னாடைக்கு இடமில்லை. முதல் நாள் ஒத்திகைக்குப் போகாமல் விடக்கூடாது: எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது, எத்தனை அடி பின்வாங்குவது எல்லாம் அங்கேதான் சொல்லித் தருவார்கள். குடும்பத்துக்குக் கிடைக்கும் இருக்கைகள் குறைவு. பேக்கேஜில் காசு கொடுத்தால் பத்துப் பேர் மேசை. இங்கே பணம் கொடுத்தாலும் கிடையாது.

பெற்ற பிறகு பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா? கல்வி உலகின் வழக்கப்படி போடுவதில்லை. தன்விவரத்தில் பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு, கௌரவம் என்று எழுதுவார்கள். மலேசியாவில் நடைமுறை தளர்வாக இருக்கிறது, நாளிதழ்களும் போட்டுவிடுகின்றன. போட விரும்புகிறவர்கள் குறைந்தது 'கௌரவ' என்ற அடைமொழியாவது சேர்த்துக்கொள்ளட்டும். கிளினிக் வைத்திருப்பவரோ, ஆலோசனை மையம் நடத்துபவரோ அடைமொழி இல்லாமல் போடுவது நோயாளியை ஏமாற்றுவது.

வேறு என்ன செய்யலாம்

ஒருவரைக் கௌரவிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், கையில் பணமும் இருக்கிறது என்றால் பேக்கேஜைவிடப் பன்மடங்கு நல்ல வழி ஒன்று பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. அவர் பெயரில் மாணவர் பரிசு நிறுவுவது. கொடுக்கும் மூலதனத்தைப் பல்கலைக்கழகம் முதலீடு செய்யும். வரும் வருமானத்தில் ஆண்டுதோறும் பட்டமளிப்பில் பரிசோ தங்கப்பதக்கமோ தரப்படும். 100,000 ரிங்கிட் போட்டு ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு வந்தால் 3,500 ரிங்கிட் பரிசு. குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாக வைத்திருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் விலக்கு கிடைக்கும் ரசீதா என்று பணம் கட்டும் முன்பே கேட்பதும் அவசியம்.

இதிலும் ஒரு பொறி உண்டு: நிபந்தனையை இறுக்கிக் கட்டுவது. 'தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, தமிழை முதன்மைப் பாடமாக எடுத்து, 3.9-க்கு மேல் சராசரி பெற்ற, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவி' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் கிடைக்காமல் பரிசு தூங்கும். ஒரு நிபந்தனையைக் கட்டாயமாகவும் மற்றதை முன்னுரிமையாகவும் வையுங்கள். தகுதியானவர் இல்லாத ஆண்டில் அடுத்து எந்தத் துறைக்குப் போகும் என்ற ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாணவர் சேர்க்கை குறைந்து துறையே இணைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி.

அதற்கும் வசதியில்லை, விழா எடுத்தால் போதும் என்றால், சங்கத்தின் சொந்தப் பெயரிலேயே 'சமூகச் செம்மல்' என்றோ 'தமிழ்த் தொண்டர்' என்றோ விருது கொடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலோ ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ மாலை, பொன்னாடை. பக்கத்துக் கடையில் பெயர் பொறித்த கேடயம். மண்டபத்தில் வாழையிலைச் சாப்பாடு. ஜுபா வேண்டாம்.

பட்டம் தருவதாக யாராவது ஏற்கெனவே பேசி முடித்துவிட்டிருந்தால், பணம் கொடுக்கும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முகவரியை அழைப்பிதழிலிருந்து எடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து எடுங்கள். மூன்றே கேள்வி: இந்தப் பட்டத்தை எந்தத் தேதி நடந்த செனட் கூட்டம் பரிந்துரைத்தது, எந்தப் பட்டமளிப்பு விழாவில் வழங்கப்படும், விழாப் புத்தகத்தில் பெறுபவரின் பெயரும் பாராட்டுரையும் அச்சாகுமா. போனில் கேட்காமல் எழுத்தில் கேட்டால் பதிலும் எழுத்தில் வரும். முன்பணம் கொடுத்துவிட்டு அதைத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை வந்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர்மன்றத்தில் காட்ட அந்தத் தாள் உதவும். பணம் கட்டிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.